இன்று பேசினார்

மையத்தில் எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். உட்கார்ந்தாலும் ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வயது முப்பத்து நான்கு. அவள் வேலை பார்த்தது ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தில். அறிவுவளர்ச்சி குறைந்த பெரியவர்களும், மனநோயிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருக்கிறவர்களுமாகப் பதினெட்டுப் பேர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார்கள். பார்த்துக்கொள்ள நான்கு பேர். வேலைக்கு வருகிறவர்கள் ஆறே மாதத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவது வழக்கம். பத்து வருடம் தாக்குப்பிடித்தவள் சிட்டு ஒருத்திதான்.

மையத்தை நடத்துகிற பெரியக்காவுக்கு நிதியுதவி விண்ணப்பம் எழுதுவது கைவந்த கலை. எந்த அலுவலகம் எப்போது எதற்கு நிதி ஒதுக்குகிறது என்பதை மோப்பம் பிடித்துவிடுவார். ஒருநாள் காலை, சிட்டு ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது, நான்கு பக்கக் காகிதம் ஒன்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மனநலம், மாற்றுத்திறனாளிகள் சேவையில் இருக்கிற பணியாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் பயிற்சி நடத்துகிறவர்கள் பொறுப்பு. அந்த ஐந்து நாளும் மையத்தில் மாற்றாள் வைத்துக்கொள்ளச் சம்பளமும் தருவார்கள். அதைவிடப் பெரிய தூண்டில் நான்காம் பக்கத்தில் இருந்தது. மையத்திலிருந்து ஒருவராவது இந்தப் பயிற்சியை முடித்தால் இரண்டாம் கட்ட நிதிக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய மனநல இல்லங்களில் வருடக்கணக்காக முடங்கிக் கிடக்கிறவர்களில் மூன்று பேரை வெளியே கொண்டுவந்து, ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்து, துணைக்கு ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வதற்கான நிதி அது.

சிட்டு சாக்குச் சொல்லிப் பார்த்தாள். தன் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுகிற ஒருவர் இருக்கிறாரே, ஐந்து நாள் அவர் என்ன செய்வார் என்றாள். ஆறாம் நாள் உன்னைப் பார்த்ததும் இரண்டு தட்டாகச் சாப்பிடுவார், நீ பெட்டியைக் கட்டு என்றார் பெரியக்கா.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. பயிற்சி எங்கே நடக்கிறது என்று அம்மா கேட்டாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருக்கிற பழைய மனநல இல்லத்தில்தான், முன்பாதியைப் பயிற்சி நிலையமாக மாற்றியிருக்கிறார்கள் என்று சிட்டு சொன்னதும், காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கத்தி பாதிக் காயில் இறங்கியபடியே இருந்தது.

"அந்தக் கட்டடம் இன்னும் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது, பின்பாதியில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள் சிட்டு. ஏன் கேட்கிறாய் என்றாள். அம்மா நறுக்கிய காயையே எடுத்து மறுபடியும் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி நிலையத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் பெயின்ட் எவ்வளவு அடித்தாலும் கட்டடம் தன் பழைய பிழைப்பை மறக்கவில்லை. சிட்டுவுக்குக் கொடுத்த அறையில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. கதவில் கண் உயரத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதன் மூடியும் வெளிப்பக்கம்தான். பக்கத்து அறைக்காரி ஒரு துண்டை அந்த ஓட்டையில் அடைத்துவிட்டுத்தான் உடை மாற்றினாள். இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பு நின்றால் அந்த நடைபாதையின் அமைதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பயிற்சியாளர் ஒல்லியான, மெல்லிய குரல்காரர். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். யாரையாவது கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு நிமிடம் ஆனாலும் நிற்பார். பேச்சு வராதவர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான்கு நொடிகூடப் பொறுப்பதில்லை, அவர்களுக்காக நாமே பதில் சொல்லிவிடுகிறோம், நம் தொழிலின் பெரிய நோயே அதுதான் என்றார். கேளுங்கள், பிறகு காத்திருங்கள். முதல் இரண்டு நாளும் இதையே வெவ்வேறு விதமாகச் செய்ய வைத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் சிட்டு ஜன்னல் வழியே பின்முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் வரிசையாக வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. விரிப்புகளுக்குப் பின்னால் யாரோ நடந்தார்கள். ஆள் தெரியவில்லை, விரிப்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பாதங்கள் அவள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்று, அவள் பக்கம் திரும்பின. சிட்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஏன் இழுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் நடிப்புப் பயிற்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பாதிப் பேர் பணியாளர்கள், பாதிப் பேர் இல்லத்தில் இருப்பவர்கள். சிட்டுவுக்கு இரண்டாவது விழுந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அவர்கள் இல்லத்துச் சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். செல்போன், அடையாள அட்டை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். கூப்பிடுகிற இடத்துக்குப் போக வேண்டும். தான் யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ஒருநாள் முழுக்க மற்றவர்கள் உங்களுக்காக முடிவெடுத்தால் எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்துகொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர்.

சிட்டுவை நடைபாதைக் கோடியில், பின்பாதிக்குப் போகிற கதவுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினொன்றரை மணி வாக்கில் அந்தக் கதவு திறந்து, சாவிக்கொத்தோடு ஒரு வார்டு உதவியாளன் எட்டிப் பார்த்தான்.

"இங்கயா உக்காந்திருக்கே? வா, சாப்பாட்டுக் கணக்கு எடுக்கணும்" என்றான்.

பயிற்சியில் இவனும் ஒரு பாத்திரம் போலிருக்கிறது என்று நினைத்தாள் சிட்டு. சாவிக்கொத்து, அழுக்குச் சட்டை, சலித்துப்போன குரல் எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றனவே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே எழுந்து போனாள். பின்னால் கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. இரண்டாவது கதவும் பூட்டிக்கொண்டது. மூன்றாவது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நடிக்கவில்லை.

நீள அறை. இரண்டு பக்கமும் பதினொன்று பதினொன்றாக இருபத்திரண்டு கட்டில்கள். கம்பிக் கூண்டுக்குள் ஒரு டிவி, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் அங்கி போட்ட பெண்கள் கட்டிலுக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஐம்பதும் அறுபதும் எழுபதுமாக வயது. உதவியாளன் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து, கடைசிக் காலிக் கட்டிலுக்கு முன்னால் சிட்டுவை நிறுத்தி, "இருபத்திரண்டு" என்று முடித்தான். அவன் முகத்தில் கணக்குச் சரியாகிவிட்ட நிம்மதி. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள்தான் அவனுக்கு. இதெல்லாம் பின்னால் தெரிந்த விஷயம்.

பக்கத்துக் கட்டிலில் குட்டை வெள்ளை முடியோடு ஒரு அம்மாள். ஓயாமல் பேசுகிறவள் என்பதால் வார்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் சிட்டுவின் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தாள். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"மடிப்பக்கா, இன்னிக்கு உனக்கு முகம் சின்னதாயிடுச்சே" என்றாள்.

சிட்டு பின்னால் நகர்ந்தாள். மெதுவாக உதவியாளனிடம் போய், பயிற்சி விதியை மீறுகிறோமே என்ற கூச்சத்தோடு, நான் முன்கட்டடத்தில் பயிற்சிக்கு வந்தவள், தவறுதலாக இங்கே வந்துவிட்டேன் என்றாள். அவன் தலையாட்டினான். சரி, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் சிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடமாக மையத்தில் தானே தினமும் பத்துத் தடவை ஆட்டுகிற தலையாட்டல்தான் அது.

சாப்பாடு வந்தது, போனது. கதவைத் தட்டிப் பார்த்தாள். ஏன் தட்டுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. தட்டுகிறவர்கள் அங்கே தினமும் இருந்தார்கள். இரண்டு மணிக்கு நர்ஸ் மாத்திரை வண்டியோடு வந்தாள். அந்த வாரம்தான் இடமாற்றத்தில் வந்த சின்னப் பெண். சிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். தான் இன்ன மையத்தில் வேலை பார்ப்பதாகவும், அம்மா வீட்டில் தனியாகக் காத்துக்கொண்டிருப்பதாகவும், தன்னை வெளியே விடும்படியும் சொன்னாள். கடைசியில் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வீட்டுக்குப் போகணும்."

நர்ஸ் அந்தக் கடைசிக் கட்டிலுக்கு உரிய கோப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு சிட்டுவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கோப்பைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க பேசவே மாட்டீங்கன்னுல்ல சொன்னாங்க. எவ்வளவு அழகாப் பேசறீங்க" என்றாள்.

சிட்டு கோப்பை எட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. நகலெடுத்து, நகலின் நகலெடுத்து, கறுப்பும் வெள்ளையுமாகத் தேய்ந்துபோன படம். அதில் இருந்தது சிட்டு. அதே அகன்ற நெற்றி, இடது புருவத்தில் அதே சுழி, எதையோ கேட்க வருவதுபோல் அதே பாதி திறந்த வாய். படத்துக்குக் கீழே வயது முப்பத்தொன்று என்று இருந்தது. கோப்பு நைந்துபோகும்போதெல்லாம் புதுக்கோப்பு போட்டிருக்கிறார்கள். பழையதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள். முப்பத்தாறு வருடமாக அந்த வயதை யாரும் கூட்டவில்லை.

நர்ஸ் குனிந்து சிரத்தையாக எழுதினாள். இன்று பேசினார். தெளிவாகப் பேசினார். தனக்கு வீடு இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போக விரும்புகிறார்.

மாத்திரைக் குப்பியைச் சிட்டு வாங்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்து அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நர்ஸும் வற்புறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனாள். கொஞ்ச நேரத்துக்குச் சிட்டுவுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மையம், பெரியக்கா, இரண்டு அறை வீடு எல்லாம் தான் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டதாக இருந்தால்? அந்த நினைப்பைத் தள்ள எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்தாள்.

துண்டு மடித்திருந்தது. மூன்றாக மடித்து, குறுக்கே இரண்டாக மடித்து, கடைசி முனையை உள்ளே செருகி, தூக்கிப் போட்டாலும் பிரியாத மாதிரி உறைபோல் மடித்திருந்தது. சிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படி மடிக்கிறவர்களை அவள் உலகத்தில் இரண்டே பேரைத்தான் கண்டிருக்கிறாள். ஒன்று அவள் அம்மா. இன்னொன்று அவளேதான்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. வயதான ஒரு பெண் மார்பளவுக்கு அடுக்கிய விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சலவை அறையில் அவள் காலையிலிருந்து மாலைவரை விரிப்பு மடிப்பதும், மடிப்பக்கா என்ற பெயர் அதனால் வந்தது என்பதும் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். புது உதவியாளனிடம் சொல்லத்தான் ஆளில்லை. அவள் நேராகத் தன் கட்டிலுக்கு வந்தாள். விரிப்புகளை இறக்கினாள். தன் இடத்தில் தன் முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அகன்ற நெற்றி, புருவத்தில் சுழி. அவள் பயப்படவில்லை. நகர்ந்துகொள் என்பதுபோல் கையால் லேசாகத் தட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சிட்டுவின் ஆடிக்கொண்டிருந்த முழங்கால்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். சிட்டுவின் கால் நின்றது.

உதவியாளன் இன்னொரு தடவை எண்ணினான். இருபத்து மூன்று வந்தது. மறுபடியும் எண்ணினான். அதற்குள் அந்தப் பக்கம் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு பயிற்சியாளர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

நடந்ததற்கு எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள். பயிற்சியாளர் அந்த நடிப்புப் பயிற்சியையே பாடத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். சிட்டு யாரிடமும் சண்டை போடவில்லை. மிச்ச இரண்டு நாளும் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். ஆனால் இரண்டு நாளும் மத்தியானம் ஜன்னலோரம் நின்று, விரிப்புகளுக்குக் கீழே அந்தப் பாதங்கள் வருகின்றனவா என்று பார்த்தாள். வந்தன. நின்றன. அவள் இந்தத் தடவை தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலை வீட்டுக்கு வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"பாத்தியா?"

யாரை என்று சிட்டு கேட்கவில்லை. பார்த்தேன் என்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு எட்டு வயது மூத்த அக்கா. துணிக்கடையில் வேலை பார்த்தவள். வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவளும் அவள்தான். ஒருநாள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றி வைத்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, கடைசிவரை தெரியவில்லை. அம்மாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தாத்தா பெரியவளைக் கொண்டுபோய் அந்த இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்து, வெளியூரில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு உண்மை தெரியும். சிட்டுவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

"உன்ன வாங்கி மடியில வச்சுக்கிட்டா. திருப்பித் தரவே இல்ல. ரெண்டு பேர் சேந்து வெரல் வெரலாப் பிரிச்சு எடுத்துக் குடுத்தாங்க. நீ வீறிட்டு அழுதே. அதுக்கப்புறம் நான் போகல" என்றாள் அம்மா.

சிட்டுவுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியக்காவிடம் போய், இரண்டாம் கட்ட நிதிக்கு எழுதுங்கள், மூன்று பேரில் ஒருவர் என் பெரியம்மா என்றாள். பெரியக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை முத்திரை சரியில்லை, இன்னொரு தடவை வாடகை வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடி இல்லை. எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகு, இல்லத்திலேயே தேர்வுக்குழு கூடியது. ஒரு டாக்டர், ஒரு அதிகாரி, கூடவே அந்தப் பயிற்சியாளர். வெளியே வருகிறவரின் சொந்த விருப்பம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிதியின் முக்கியமான விதி. ரேடியோ தன் விருப்பத்தை முக்கால் மணி நேரம் சொன்னாள். இன்னொரு பெண் ஒரே தலையசைப்பில் சொன்னாள். பெரியம்மாவின் முறை வந்ததும் டாக்டர் கோப்பைப் புரட்டி, நல்லவேளையாக இங்கே ஒரு பதிவு இருக்கிறது என்று வாசித்தார். இன்று பேசினார். வீட்டுக்குப் போக விரும்புகிறார்.

மேசைக்கு அடியில் பெரியக்கா சிட்டுவின் காலை மிதித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். சிட்டு பெரியம்மாவைப் பார்த்தாள். இவள் இறந்துவிட்டாள் என்று தாத்தா சொன்னார். தனக்கு அக்காவே இல்லை என்று அம்மா வாழ்ந்தாள். இப்போது இவளுடைய விருப்பத்தையும் தன் வாயால் சொல்லியாகிவிட்டது. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும்.

"அது அவங்க சொன்னதில்ல சார். நான் சொன்னது" என்றாள்.

பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார். கோப்பில் இருப்பதை அடிக்க முடியாது, கீழே ஒரு குறிப்பு வேண்டுமானால் சேர்க்கலாம் என்றார் டாக்டர். பயிற்சியாளர் மட்டும், அப்படியானால் அவரிடமே கேட்போமே என்றார். வாடகை வீட்டின் படம் ஒன்றையும் வார்டின் படம் ஒன்றையும் பெரியம்மாவின் முன்னால் வைத்து, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. பெரியம்மா இரண்டு படங்களையும் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடித்து அவரிடமே கொடுத்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம் என்றார் பயிற்சியாளர்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார்கள். வண்டியில் அழைத்துப்போய் வீட்டைக் காட்டினார்கள். பெரியம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தாள். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். அரைமணி நேரம் அதையே செய்துவிட்டுத் தானே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். அன்றும் பதில் இல்லை.

மூன்றாம் தடவை வார்டு வாசலில் வண்டி நின்றது. ரேடியோவும் இன்னொரு பெண்ணும் ஏறிவிட்டார்கள். பயிற்சியாளர் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெரியம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். சரி, இதுவும் ஒரு பதில்தானே என்று சிட்டு மனதைத் தேற்றிக்கொண்டாள். யாரும் கிளம்பவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பெரியம்மா சலவை அறையிலிருந்து அன்றைய விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து, நர்ஸின் மேசையில் வைத்தாள். அடுக்கின் விளிம்பைத் தட்டிச் சரிசெய்தாள். பிறகு வெளியே வந்து, வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சிட்டு அம்மாவை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலுக்கு வந்ததும், என்னை அடிப்பாளோ என்று அம்மா கேட்டாள். அடித்தால் வாங்கிக்கொள் என்றாள் சிட்டு.

கதவைத் திறந்தது பெரியம்மாதான். அவள் பார்வை அம்மாவின் நரைத்த தலையை, தளர்ந்த தோள்களை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்ந்தது. வந்தவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினாள், முன்பின் தெரியாத ஒருவருக்குக் காட்டுகிற மரியாதையோடு. பிறகு சிட்டுவின் பக்கம் திரும்பினாள். அவள் முகம் ஒரு நொடியில் வேறாகிவிட்டது. இரண்டு கையாலும் சிட்டுவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். தொண்டைக்குள் ஏதோ துருப்பிடித்த ஒன்று அசைந்தது.

"குட்டி" என்றாள்.

முப்பத்தேழு வருடத்தில் முதல் வார்த்தை. காய்ந்த, கரகரத்த குரல். வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்த ரேடியோவே வாயை மூடிக்கொண்டாள்.

சிட்டுவைக் குட்டி என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டின் கடைக்குட்டி அவள். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அப்போதுதான் சிட்டுவுக்கு விளங்கியது, வார்டில் அன்று தன் முழங்கால்மேல் விழுந்த கை யாருடைய முழங்காலைத் தேடி வந்தது என்று. பெரியம்மாவின் கணக்கில் தங்கைக்கு இன்னும் இருபத்து மூன்று வயது. அவள் ஒருவழியாக அழைத்துப்போக வந்துவிட்டாள். கூட யாரோ ஒரு வயதான அம்மாள் வந்திருக்கிறார்.

"அக்கா, நான் இங்க இருக்கேன்" என்றாள் அம்மா.

பெரியம்மா திரும்பவில்லை. சிட்டுவின் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. சிட்டு பேசாமல் நின்றாள். அது அவங்க சொன்னதில்ல என்று குழுவின் முன்னால் சொன்னவள் அவள், இன்னொருவராகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா தன் கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"நீயே என்னன்னு கேளு. அவ காத்துக்கிட்டிருக்கா."

சிட்டு பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா?" என்றாள்.

பெரியம்மா சிரித்தாள். அவளை இழுத்துக்கொண்டுபோய்த் தன் அறையைக் காட்டினாள். உள்தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் காட்டினாள். கூடத்தில் அம்மா தனியாக உட்கார்ந்து, தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தையும் எழுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. சிட்டு வராத வாரங்களில் தனியாகவே போனாள். அப்போதெல்லாம் பெரியம்மா அவளுக்கு அதே நாற்காலியைக் காட்டுவாள், தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், எதிரே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவும் கூடவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.